136 குதிரையும் ஆற்றுக்கரை ரோடும்

அட்வெஞ்சர் பைக் என்றதும் எல்லோருக்கும் லடாக்கும் ஸ்பிடியும்தான் நினைவுக்கு வரும். விளம்பரப் படங்களில் பனிமலை இருக்கும், இல்லாவிட்டால் மணல்மேடு இருக்கும். மலை என்று சொல்ல ஒரு குன்றுகூட இல்லாத காவிரி டெல்டாவில் பிஎம்டபிள்யூ ஆர் 1250 ஜிஎஸ்ஸை வைத்துக்கொண்டு என்னதான் செய்கிறாய் என்று சென்னையில் இருக்கும் நண்பர்கள் கேட்கிறார்கள். இந்த வண்டியின் பொறியியல் எவ்வளவு ஆழமானது என்பது எனக்கு இந்த மண்ணில் ஓட்டித்தான் புரிந்தது. அதைப் பொறுமையாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் ரோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் சுமார் 85 கிலோமீட்டர். அவ்வளவு தூரத்துக்கும் நிலம் இறங்குவது நூறு மீட்டர்கூட இல்லை. சரிவு இல்லாத இடத்தில் ஆறு கிளை கிளையாகப் பிரியும். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய் என்று நான்காகப் போகிற தண்ணீர், அப்புறம் குடமுருட்டி, அரசலாறு, வெட்டாறு, வீரசோழன், கோரையாறு என்று விரிந்துகொண்டே போகிறது. ஒவ்வொரு ஆற்றுக்கும் இரண்டு கரை. பல இடங்களில் கரைமேலேயே ரோடு. கல்லணையிலிருந்து திருவையாறு, கும்பகோணம், மயிலாடுதுறை வழியாகப் பூம்புகார் போகிற மாநில நெடுஞ்சாலை 22 ஆற்றோடு சேர்ந்தே வளைந்து போகும். அதிலிருந்து பிரிகிற கிராமத்துக் கரை ரோடுகளில் ஒரு பக்கம் ஆறு, மறு பக்கம் வயல், நடுவில் ஒரு பஸ் போகிற அகலம்தான்.

அறுவடைக் காலத்தில் இந்த ரோட்டின் குணமே மாறிவிடும். வயலிலிருந்து ஏறி வருகிற டிராக்டர் டயரிலிருந்து களிமண் கட்டி கட்டியாகத் தார்மேல் விழும். வெயில் இருக்கிற இடமெல்லாம் நெல் காயும். ஈர வைக்கோல் பாலத்தின்மேல் பரந்து கிடக்கும். குறுவை அறுப்பு நடக்கிற புரட்டாசி, ஐப்பசியில் மழையும் சேர்ந்துகொண்டால் தாருக்கும் டயருக்கும் நடுவில் ஒரு வழுக்கல் படலம் வந்துவிடும். அதன்மேல் 20 கிலோமீட்டர் வேகத்தில், எதிரே வருகிற மினி பஸ்ஸுக்கு இடம் விட்டுக்கொண்டு போக வேண்டும். இதற்குத் தேவைப்படுவது வேகம் இல்லை. மெதுவாகப் போகிறபோது வண்டி எவ்வளவு நிதானமாக இருக்கிறது என்பதுதான்.

நீடாமங்கலம் பக்கம் ஒரு டீக்கடையில் ஒரு பெரியவர் கேட்ட கேள்வியை நான் மறக்கவே மாட்டேன். வழக்கம்போல மைலேஜ் கேட்டார், விலை கேட்டார். அப்புறம் எத்தனை எச்.பி. என்றார். சொன்னேன்.

"ஏன் தம்பி, என் டிராக்டரு அம்பது எச்.பி.தான். முழங்கால் சேத்துல உழுதுட்டுப் போவுது. உன் வண்டி நூத்தி முப்பத்தாறுங்குற. இந்த வயல்ல எறக்குனா போவுமா?"

"போகாதுங்கய்யா" என்றேன்.

"அப்ப அந்த நூத்தி முப்பத்தாறு எங்க இருக்கு?"

எந்த பைக் பத்திரிகையும் இவ்வளவு நேராக இந்தக் கேள்வியைக் கேட்டு நான் பார்த்ததில்லை. அங்கேயே உட்கார்ந்து அவருக்குச் சொன்ன பதிலைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

குதிரைத்திறன் என்பது டார்க்கையும் (எஞ்சின் சுழற்றுகிற விசை) எஞ்சின் சுற்றும் வேகத்தையும் பெருக்கி வருவது. ஜிஎஸ்ஸின் 136 குதிரை நிமிடத்துக்கு 7750 சுற்றில் கிடைக்கிறது. கரை ரோட்டில் யாரும் அந்தச் சுற்றுக்குப் போவதில்லை. அங்கே எஞ்சின் 2000 சுற்றில்தான் இருக்கும். அந்தச் சுற்றில் வண்டி தரக்கூடிய டார்க் சுமார் 110 நியூட்டன் மீட்டர். பெருக்கிப் பார்த்தால் 31 குதிரை வருகிறது. டெல்டாவில் ஓடுகிறபோது இந்த வண்டி முழுதாக முறுக்கினாலும் 31 குதிரை வண்டிதான். பெரியவரின் டிராக்டர் 2000 சுற்றில் 50 எச்.பி. தருகிறது என்று வைத்துக்கொண்டால் அதன் டார்க் சுமார் 175 நியூட்டன் மீட்டர். ஜிஎஸ்ஸின் உச்சமான 143ஐ விட அதிகம். அதைக் கியர்கள் பல மடங்கு பெருக்கி, ஆளுயரச் சக்கரத்துக்கும், கேஜ் வீல் என்கிற இரும்புக் கம்பிச் சக்கரத்துக்கும் அனுப்புகின்றன. கேஜ் வீல் சேற்றைக் கடித்துப் பிடிக்கிறது. பைக்கின் டயர் தரையைத் தொடுகிற இடம் உள்ளங்கை அளவுகூட இல்லை.

இன்னொரு தோராயக் கணக்கும் போட்டேன். வண்டி 249 கிலோ, ஆள் 75 கிலோ. அதில் பாதிக்குக் கொஞ்சம் மேல், 170 கிலோ, பின் சக்கரத்தின்மேல் இருக்கிறது என்று கொள்வோம். காய்ந்த தாரில் அந்த எடை அளவுக்கே தள்ளுவிசையைத் தரை ஏற்றுக்கொள்ளும். ஈரக் களிமண்ணில் உராய்வு ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்தால், தரை ஏற்பது வெறும் 34 கிலோ விசை. சக்கரத்தில் அது சுமார் 105 நியூட்டன் மீட்டர். முதல் கியரில் எஞ்சின் டார்க் ஏறக்குறையப் பத்து மடங்காகச் சக்கரத்துக்குப் போகிறது. அப்படியானால் ஈரக் களிமண்ணில் எஞ்சினிலிருந்து நான் பயன்படுத்தக்கூடியது சுமார் 10 நியூட்டன் மீட்டர். இருப்பது 143. பத்தைத் தாண்டியதெல்லாம் பின் சக்கரத்தைச் சும்மா சுழற்றி வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். 143ஐத் தருவது பெரிய வேலையே இல்லை. 8க்கும் 12க்கும் நடுவில் கை சொன்னபடி கேட்கிற எஞ்சினைச் செய்வதுதான் பெரிய வேலை. ஜிஎஸ்ஸில் நான் தினமும் மதிக்கிறது அதைத்தான்.

இதற்கு ஷிஃப்ட்கேம் என்ற ஏற்பாடு பெரிதாக உதவுகிறது. காற்றை உள்ளே விடுகிற வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்டில் ஒவ்வொரு வால்வுக்கும் இரண்டு கேம்கள், அதாவது வால்வைத் தள்ளித் திறக்கிற மேடுகள், உண்டு. ஒன்று மெல்லிய ஓட்டத்துக்கு, இன்னொன்று முழு முறுக்குக்கு. தேவை மாறுகிறபோது ஒரு மின்காந்த ஊசி இறங்கி, கேம் பகுதியை அப்படியே பக்கவாட்டில் நகர்த்திவிடும். சிறிய கேம் வேலை செய்கிறபோது வால்வு குறைவாகத் திறக்கிறது. ஒரே சிலிண்டரின் இரண்டு வால்வுகளும் ஒரே அளவில் திறப்பதும் இல்லை. அதனால் உள்ளே போகிற கலவை சுழன்றுகொண்டே போய் நன்றாக எரிகிறது. கரை ரோட்டில் எனக்குக் கிடைப்பது எப்போதும் இந்தச் சிறிய கேம்தான். 1254 சிசி எஞ்சின் இரண்டாவது கியரில் ஹாஃப் கிளட்ச் கேட்காமல், இருமாமல், சைக்கிளில் போகிற ஆளோடு சேர்ந்து நகர்கிறது. முன்னே மாடு வந்தாலும் சரி, நெல்லைத் துழாவிக்கொண்டிருக்கிற அக்கா நிமிர்ந்து பார்க்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தாலும் சரி, எஞ்சின் பதற்றமே காட்டாது. கூடவே ரெயின் மோடும் டிராக்ஷன் கன்ட்ரோலும் இருக்கின்றன. வைக்கோல்மேல் பின் சக்கரம் வழுக்கத் தொடங்கினதும் டார்க் வெட்டப்படுவதைக் கையிலேயே உணரலாம்.

எஞ்சினின் அமைப்பைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே எழுத ஆசை. பொதுவாகப் பெரிய பைக்குகளில் சிலிண்டர்கள் நிமிர்ந்து நிற்கும், அல்லது முன்னே சாய்ந்திருக்கும். இதில் இரண்டும் இடமும் வலமுமாகப் படுத்திருக்கின்றன. கிராங்க்ஷாஃப்ட், அதாவது எஞ்சினுக்குள் சுழல்கிற முக்கியத் தண்டு, வண்டியின் நீளவாக்கில் போகிறது. 1923இல் வந்த ஆர் 32இலேயே இதே அமைப்புதான்: 494 சிசி, 8.5 குதிரை, பின் சக்கரத்துக்குச் செயினுக்குப் பதில் ஷாஃப்ட் என்கிற சுழலும் தண்டு. 1980இல் வந்த ஆர் 80 ஜி/எஸ் அதையே 50 குதிரையோடு காட்டுப்பாதைக்குக் கொண்டுபோனது. அடுத்த ஆண்டே ஊபேர் ஓரியோல் அந்த வகை வண்டியில் பாரிஸ்–டாக்கர் பந்தயத்தை வென்றார். இன்று நாம் பெரிய அட்வெஞ்சர் பைக் என்று சொல்கிற இனமே அங்கிருந்து வளர்ந்ததுதான்.

படுத்த சிலிண்டரால் முதல் லாபம் எடை கீழே இருப்பது. தண்ணீர்க் குடத்தைத் தலையில் வைத்து நடப்பதற்கும் இடுப்பில் வைத்து நடப்பதற்கும் உள்ள வித்தியாசம் அது. எடை ஒன்றுதான், ஆனால் கால் தடுமாறினால் மீட்கிற பாடு வேறு. எண்ணிலும் சொல்லலாம். 249 கிலோ வண்டி ஐந்து டிகிரி சாய்ந்து நிற்கிறது. ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 60 சென்டிமீட்டரில் இருந்தால் அதைத் தாங்க 128 நியூட்டன் மீட்டர் முறுக்கு வேண்டும். 50 சென்டிமீட்டரில் இருந்தால் 106 போதும். ஈரமான பாலத்தின் ஓரத்தில் ஒற்றைக் காலில் வண்டியை நிறுத்திக்கொண்டு இருக்கிறவனுக்கு அந்த 22 பெரிய விஷயம். யு டர்ன் அடிக்கும்போதும் இதேதான். ஜிஎஸ்ஸைப் பார்த்து மலைக்கிறவர்கள் ஓட்டிப் பார்த்ததும் "இவ்வளவு லேசா இருக்கே" என்று சொல்வது இதனால்தான்.

இரண்டாவது லாபம் ஷாஃப்ட். கிராங்க் நீளவாக்கில் இருப்பதால் சக்தி கியர்பாக்ஸ் வழியாக நேராகப் பின்னால் போய், சக்கரத்தருகே ஒரே ஒரு முறைதான் திரும்புகிறது. மன்னார்குடியில் டிராக்டர் மெக்கானிக் ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு, "அட, கிரவுன் பினியனா!" என்று சொல்லிச் சிரித்தார். அவர் வாழ்நாளெல்லாம் கழற்றி மாட்டியதுதான் அது. இந்த ஊரில் செயினுக்கு எவ்வளவு கஷ்டம் என்பது செயின் வண்டி வைத்திருக்கிறவர்களுக்குத் தெரியும். எண்ணெய் போட்ட செயினில் அறுவடைத் தூசியும் உமியும் ஒட்டும். அதன்மேல் சேறு ஒட்டும். காய்ந்தால் உப்புத்தாள் வைத்துத் தேய்க்கிற மாதிரி ஸ்ப்ராக்கெட்டைத் தின்னும். ஷாஃப்ட் மூடிய குழாய்க்குள், சுத்தமாக ஓடுகிறது. அதற்கு விலையும் உண்டு: எடை கூடும், முறுக்கும்போது வண்டியின் பின்பகுதி எழும்பப் பார்க்கும். அந்த எழும்பலை அடக்கத்தான் 1987இல் பாரலீவர் என்ற இரட்டை மூட்டுக் கை வந்தது. இன்றைய வண்டியில் அந்த எழும்பல் எனக்குத் தெரிவதே இல்லை.

தொந்தரவு என்று பார்த்தால் அகலம். இரண்டு பக்கமும் சிலிண்டர் நீட்டிக்கொண்டிருப்பதால் குறுகலான நடைபாலங்களில் புகுவதற்கு முன் யோசிக்க வேண்டும். சிலிண்டருக்குக் கம்பி கார்டு போடாமல் இந்தப் பக்கம் யாரும் ஓட்ட வேண்டாம்.

இனி மதகுகள். டெல்டா ரோட்டில் சில நூறு மீட்டருக்கு ஒரு மதகோ சின்னப் பாலமோ வரும். பாலம் உறுதியான அடித்தளத்தின்மேல் நிற்கிறது. இரு பக்கமும் இருக்கிற ரோடு களிமண் கரையின்மேல் கிடக்கிறது. ஆண்டுக்கணக்கில் கரை அமுங்க அமுங்க, பாலம் மட்டும் அப்படியே நிற்கும். அதனால் ஒவ்வொரு மதகும் ஏறி இறங்குகிற ஒரு மேடாகிவிடுகிறது. அதைப் பார்த்ததும் பிரேக் பிடிப்போம். சாதாரண ஃபோர்க் (முன் சக்கரத்தைப் பிடித்திருக்கிற ஸ்பிரிங் குழாய்கள்) உள்ள வண்டியில் பிரேக் பிடித்ததும் முன்பக்கம் குனியும், ஸ்பிரிங் பாதி அமுங்கிவிடும், மீதிப் பாதியோடு மேட்டில் போய் இடிக்கும். மேடு வருகிற நேரத்தில்தான் ஃபோர்க்கிடம் மிச்சம் எதுவும் இருக்காது.

ஜிஎஸ்ஸில் இந்தச் சிக்கலுக்கு டெலிலீவர் இருக்கிறது. 1993இல் ஆர் 1100 ஆர்எஸ்ஸில் முதலில் வந்தது. வெளியிலிருந்து பார்த்தால் ஃபோர்க் மாதிரியே இரண்டு குழாய்கள் தெரியும், ஆனால் அவற்றுக்குள் ஸ்பிரிங்கும் இல்லை, துள்ளலை அடக்குகிற டேம்பிங்கும் இல்லை. அவை சக்கரத்தைப் பிடித்துத் திருப்புவதற்கு மட்டும். ஒரு முக்கோணக் கை, பந்து மூட்டு வழியாக, பிரேக் விசையைப் பின்னால் உள்ள உடற்பகுதிக்குக் கொண்டுபோகிறது. அதிர்ச்சியை நடுவில் இருக்கிற ஒரே ஷாக் அப்சார்பர் தாங்குகிறது. இரண்டு வேலையையும் பிரித்துவிட்டதால், அழுத்திப் பிரேக் பிடித்தாலும் முன்பக்கம் பெரிதாகக் குனியாது. மேட்டில் ஏறும்போது முன்பக்கம் அமுங்கக்கூடிய 190 மில்லிமீட்டரில் பெரும்பகுதி மிச்சம் இருக்கும். திருவையாற்றிலிருந்து கும்பகோணம் வருகிற ரோட்டில் பின்னால் அம்மாவை உட்காரவைத்துக்கொண்டு வந்தாலும் அவர் முதுகைப் பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை. எனக்கு இந்த வண்டியின் மிகச் சிறந்த பாகம் எது என்று கேட்டால் எஞ்சினைச் சொல்ல மாட்டேன், டெலிலீவரைத்தான் சொல்வேன். முன் டயர் தரையில் என்ன செய்கிறது என்ற உணர்வு கைக்குக் குறைவாக வருகிறது என்று பந்தய ஆட்கள் குறை சொல்வார்கள். அது உண்மைதான். நெல் காய்கிற ரோட்டில் அந்த உணர்வு எனக்கும் இன்னும் கொஞ்சம் வேண்டும்.

வெயில் அடுத்தது. அக்னி நட்சத்திரத்தில் கும்பகோணம் மகாமகக் குளத்தைச் சுற்றி ஊர்ந்து போகிறபோது எந்தப் பெரிய எஞ்சினும் சுடும். ஜிஎஸ்ஸில் சிலிண்டர்கள் தொடைக்குக் கீழே இல்லாமல் வெளியே காற்றில் இருக்கின்றன. அதிகம் சூடாகிற பகுதிகளைத் தண்ணீரும் மற்றதைக் காற்றும் குளிர்விக்கின்றன. கணுக்காலில் சூடு தெரியும், இருக்கைக்கு வராது. ஒப்பிட்டுப் பார்க்க டுகாட்டி மல்டிஸ்ட்ராடா வி4ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1158 சிசியில் 170 குதிரை, வால்வு சரிபார்ப்பே 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறைதான், அற்புதமான வேலை. ஆனால் பின் வரிசைச் சிலிண்டர்கள் ஓட்டுபவரின் தொடைக்கு அடியில் வருகின்றன. அதனால் வண்டி நிற்கும்போது அந்த இரண்டையும் அணைத்துவைக்கிற ஏற்பாடு செய்திருக்கிறார்கள். அந்தச் சூடு எவ்வளவு பெரிய பிரச்சினை என்பது அந்த ஏற்பாட்டிலிருந்தே தெரிகிறது.

ஹோண்டா ஆப்பிரிக்கா ட்வின் வேறு வழியில் யோசித்தது. அதன் 1084 சிசி எஞ்சினில் கிராங்கை 270 டிகிரியில் அமைத்து, வெடிப்புகளுக்கு நடுவில் சீரற்ற இடைவெளி விட்டிருக்கிறார்கள். அடுத்தடுத்து வருகிற இரண்டு தள்ளலுக்குப் பிறகு கிடைக்கிற நீண்ட இடைவெளியில் டயர் மறுபடி தரையைப் பிடிக்க நேரம் கிடைக்கிறது என்பது அவர்கள் வாதம். 21 அங்குல முன் சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறுவதும் சுலபம். களிமண்ணில் அது ஜிஎஸ்ஸின் 19 அங்குலத்தை விட நன்றாகப் போகும்.

களிமண்ணில் ஜிஎஸ் தோற்கிறது. இதைப் பூசி மெழுக விரும்பவில்லை. வெண்ணாற்றுப் பாசனப் பகுதியின் மண்கரைகளில் ஒரு மழை பெய்துவிட்டால் வண்டல் பிசினாகிவிடும். டயரின் பள்ளங்கள் முதல் பத்தடியிலேயே நிரம்பி வழவழப்பாகிவிடும். அப்புறம் முன் டயருக்கும் அதை ஒட்டியிருக்கிற மட்கார்டுக்கும் நடுவில் களிமண் அடைத்துக்கொண்டு சக்கரமே சுற்றாது. ஈர்ப்பு மையம் எவ்வளவு கீழே இருந்தாலும் 249 கிலோ 249 கிலோதான். கல்லணைக் கால்வாய் பாய்கிற புது டெல்டாவில், ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கம், மண் அப்படி இல்லை. மணல் கலந்திருப்பதால் மழைக்குப் பிறகும் டயர் பிடிக்கும். அங்கே மண்ரோட்டில் ஜிஎஸ் சந்தோஷமாகப் போகிறது. பழைய டெல்டாவில் மழை நாளில் மண்கரையில் இறங்க வேண்டும் என்றால் நான் தம்பியின் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450ஐ எடுத்துக்கொண்டு போவேன். 452 சிசி, 40 குதிரை, 196 கிலோ, 21 அங்குல முன் சக்கரம். சென்னைக்குப் பக்கத்திலேயே தயாராகிற வண்டி. விழுந்தால் ஒருவனே தூக்கிவிடலாம். நம்மூர் விவசாயி ஒருவர் வயலுக்கும் போக வேண்டும், ஆண்டுக்கு ஒருமுறை நீண்ட பயணமும் போக வேண்டும் என்று ஆலோசனை கேட்டால் தயங்காமல் அதைத்தான் சொல்வேன். பெரிய வண்டியின் சுகம் 100 கிலோமீட்டர் பயணத்தையும் நல்ல தாரையும் கேட்கிறது. தஞ்சாவூர்–விக்கிரவாண்டி நான்குவழிச் சாலையில் ஏறினால் 136 குதிரையும் அங்கே இருப்பது புரியும்.

கடற்கரை ரோட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாகப்பட்டினத்திலிருந்து வேதாரண்யம், கோடியக்கரை வரை போகிறவர்கள் உப்பளக் காற்றை மறந்துவிட வேண்டாம். ஸ்போக்ஸ், போல்ட், அலுமினியம் எல்லாவற்றையும் அது அரிக்கும். அன்று இரவே நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள்.

கடைசியாக ஒரு குறை, நான் மிக அதிகமாக அனுபவிப்பது. ஜிஎஸ்ஸின் இருக்கை உயரம் 850 மில்லிமீட்டர். சமமான தரையில் எனக்கு இரண்டு முன்பாதமும் எட்டும். கரை ரோட்டில் பஸ் வந்தால் இடது ஓரத்தில் ஒதுங்க வேண்டும். அங்கே தார் முடிந்ததும் கரை சரிகிறது. கால் ஊன்ற வேண்டிய இடம் ரோட்டை விட அரை அடி கீழே இருக்கும். எவ்வளவு நல்ல டார்க்கும் எவ்வளவு நல்ல ஷாக் அப்சார்பரும் அந்த நொடியில் உதவாது. நான் முன்கூட்டியே, பாலம் பார்த்து, சமமான இடம் பார்த்து நின்றுகொள்கிறேன். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிப்பார்கள், அடிக்கட்டும்.

2023இல் வந்த ஆர் 1300 ஜிஎஸ் இந்தக் குறையைத் தொட்டிருக்கிறது. கியர்பாக்ஸை எஞ்சினுக்கு அடியில் கொண்டுபோய் எஞ்சினைக் குட்டையாக்கியிருக்கிறார்கள். எடை 237 கிலோ, அதாவது 12 கிலோ குறைவு. டார்க் 149 நியூட்டன் மீட்டர். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: கூடுதல் விலைக்குக் கிடைக்கிற ஒரு வசதியில், வேகம் குறைந்ததும் வண்டி தானாகவே 30 மில்லிமீட்டர் தாழ்ந்துகொள்கிறது, வேகம் எடுத்ததும் எழுந்துகொள்கிறது. 850 இருந்த இருக்கை 820 ஆகிவிடும். ஷோரூம் வாசலில் அந்த 30 மில்லிமீட்டர் ஒன்றுமில்லை. குடமுருட்டிக் கரையில், எதிரே பஸ் வருகிறபோது, சரிவில் இடது காலை ஊன்றுகிறவனுக்கு அது போதுமா என்று பார்க்க வேண்டும். விலை இருபது லட்சத்துக்கு மேல், இப்போதைக்கு எனக்கு எட்டாது. வாங்கியவர் யாராவது டெல்டாப் பக்கம் வந்தால் சொல்லுங்கள். சம்பா அறுவடை நேரமாக இருந்தால் இன்னும் நல்லது. திருவையாற்றிலிருந்து பாபநாசம் வரை கரை ரோட்டில் இரண்டு வண்டியையும் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்துவிடலாம்.